படைக்கு வேகம் கொடுத்த செங்கல்பட்டுக்காரர்

செங்கல்பட்டு:

இந்திய ராணுவத்துக்கே தலைமை தளபதியாக இருந்தவர் ஒரு செங்கல்பட்டுக்காரர். நம்ம ஊர் இளவட்டங்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? அவர்தான் ஜெனரல் கே.சுந்தர்ஜி.

1928-ம் ஆண்டு பிறந்த இவரது முழுப்பெயர் கிருஷ்ணசாமி சுந்தரராஜன். சென்னை கிறிஸ்தவ கல்லூரியில் படித்தவர், பட்டம் வாங்கும் முன்பே ராணுவத்துக்கு கிளம்பிட்டார். மகார் ரெஜிமெண்டில் அதிகாரி ஆனார்.

நடந்து போனா ஆகாது

1962 சீனப்போரில் நம் ஜவான்கள் போதிய குளிர் உடை கூட இல்லாமல் மலை ஏறி நடந்தே போனார்கள். பலன், படுதோல்வி.

சண்டை வந்த பிறகு மூட்டை கட்டினால் வேலைக்கு ஆகாது என்பது சுந்தர்ஜியின் கணக்கு. காலாட்படையை கவச வண்டியில் ஏற்ற வேண்டும் என்றார். 1979-ல் அதற்கென தனி ரெஜிமெண்டே உருவானது.

1984-ல் பொற்கோவிலில் நடந்த புளூ ஸ்டார் நடவடிக்கையின்போது மேற்கு பிராந்திய தளபதி இவர்தான். 1986 பிப்ரவரியில் தலைமை தளபதியானார். 'ராபிட்' டிவிஷன்களை அமைத்தார். 2 காலாட்படை பிரிகேடுகளுடன் கவச வண்டியில் பாயும் 1 பிரிகேடு சேர்ந்ததுதான் ராபிட். தடுக்கவும் செய்யும், சட்டுனு திருப்பி அடிக்கவும் செய்யும்.

வானில் பறந்த படை

அதே ஆண்டு அருணாசலபிரதேசத்தின் சம்டொராங் சூ பள்ளத்தாக்கில் சீனர்கள் முகாம் போட்டனர். சுந்தர்ஜி காத்திருக்கவில்லை. அக்டோபரில் ஒரு பிரிகேடையே ஹெலிகாப்டர்களில் தூக்கிப்போய் ஜிமிதாங்கில் இறக்கினார். மலை உச்சிகள் நம் வசமாயின. இரு தரப்பும் பேச்சுக்கு வந்தன. போர் இல்லாமலே பதற்றம் தணிந்தது.

யாழ்ப்பாண சோகம்

ஆனால் அதே வேகம் மறு ஆண்டு காலை வாரியது. 1987 அக்டோபரில் விடுதலைப்புலிகள் தலைவர்களை பிடிக்க, யாழ்ப்பாண பல்கலைக்கழக மைதானத்தில் இரவோடு இரவாக ஹெலிகாப்டரில் வீரர்கள் இறக்கப்பட்டனர். புலிகளோ ரேடியோ பேச்சை ஒட்டுக்கேட்டு தயாராக காத்திருந்தனர். இறங்கிய சீக்கிய படைப்பிரிவின் 30 பேரில் 29 பேர் பலியானார்கள். ஒருவர் மட்டும் சிறைபிடிக்கப்பட்டார்.

ஆள் வேகமா போய் இறங்கினா மட்டும் போதாது, அங்கே என்ன காத்திருக்கு என்பதும் முன்கூட்டியே தெரியணும். 29 உயிர்களை கொடுத்து ராணுவம் கற்ற பாடம் இது.

1988-ல் ஓய்வு பெற்ற சுந்தர்ஜி, நரம்பு நோயால் அவதிப்பட்டு 1999 பிப்ரவரி 8-ந் தேதி காலமானார். அவர் அமைத்த ராபிட் டிவிஷன்கள் அவருக்கு பிறகும் எல்லையை காத்தன.