இருட்டறைகளைத் திறந்த ஆசிரியை

1841-ம் ஆண்டு, மார்ச் மாதம். ஒரு ஞாயிற்றுக்கிழமை.

அமெரிக்காவில் பாஸ்டன் நகருக்குப் பக்கத்தில் கிழக்கு கேம்பிரிட்ஜ் என்று ஓர் ஊர். அங்கே ஒரு ஜெயில். பெண் கைதிகளுக்கு வேதபாடம் சொல்லிக்கொடுக்க ஓர் ஆசிரியை அந்த ஜெயிலுக்குப் போனார். வயது 38. மெலிந்த உடம்பு. மெல்லிய குரல்.

பாடம் முடிந்தது. ஆசிரியை வீட்டுக்குத் திரும்பவில்லை. ஜெயிலைச் சுற்றிப் பார்த்தார்.

ஓர் அறையில் சில பெண்கள் குளிரில் நடுங்கிக்கொண்டு இருந்தார்கள். அவர்கள் திருடியவர்கள் அல்ல. கொலை செய்தவர்களும் அல்ல. மனம் கலங்கியவர்கள். அதுதான் அவர்கள் செய்த குற்றம்!

அந்த நாட்டில் மார்ச் மாதத்திலும் குளிர் எலும்பைத் துளைக்கும். ஆனால் அந்த அறையில் கணப்பு அடுப்பு இல்லை. ஏன் இல்லை என்று ஆசிரியை கேட்டார். பைத்தியங்களுக்குக் குளிர் தெரியாது என்று பதில் வந்தது.

அவர் சும்மா இருக்கவில்லை. கோர்ட்டு வரை போனார். அடுப்பு வந்தது.

அந்த ஆசிரியையின் பெயர், டோரதியா டிக்ஸ்.

ஓடிவந்த சிறுமி

டோரதியா 1802-ம் ஆண்டு ஏப்ரல் 4-ந் தேதி மெயின் பகுதியில் பிறந்தாள். தந்தை ஊர் ஊராகச் சென்று மதப்பிரசங்கம் செய்பவர். குடிப்பழக்கம் உடையவர். தாய் ஓயாத நோயாளி. வீட்டில் வறுமை. தந்தை விற்கும் பிரசங்கப் புத்தகங்களை உட்கார்ந்து தைப்பது சிறுமியின் வேலை.

12 வயதில் டோரதியா வீட்டை விட்டு ஓடினாள். பாஸ்டனில் இருந்த பாட்டியிடம் தஞ்சம் புகுந்தாள்.

14 வயதில் வொர்செஸ்டர் என்ற ஊரில் ஒரு பள்ளிக்கூடம் ஆரம்பித்துவிட்டாள்! வயது தெரியாமல் இருக்க, நீண்ட பாவாடை அணிந்து பெரியவள் போல நின்று பாடம் நடத்தினாள்.

பிறகு பாஸ்டனில் பள்ளி நடத்தினார். ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசமாகச் சொல்லிக்கொடுத்தார். 1824-ல் அவர் குழந்தைகளுக்காக எழுதிய பொது அறிவுப் புத்தகம் பல பதிப்புகள் விற்றது.

இரவு பகல் பாராத உழைப்பு அவரைச் சாய்த்தது. 1836-ல் உடலும் மனமும் ஒருசேர ஒடிந்துபோயின. ஓய்வுக்காக இங்கிலாந்து போனார். லிவர்பூலில் ராத்போன் என்ற குடும்பத்தார் ஒரு வருடத்துக்கு மேல் தங்கள் வீட்டில் வைத்து அவரைக் காப்பாற்றினார்கள்.

அன்பான கவனிப்பு இருந்தால், ஒடிந்த மனிதர் மீண்டும் நிமிரலாம். இதை அவர் தம் உடம்பிலேயே கண்டார். மனநோயாளிகளை அடிக்காமல், கட்டாமல் நடத்தும் விடுதி ஒன்று இங்கிலாந்தில் யார்க் நகரில் 1796 முதல் நடந்து வந்தது. அங்கே பலர் குணம் அடைந்து வீடு திரும்பினார்கள்.

ஊர் ஊராக

ஒரு ஜெயிலில் இப்படி என்றால், மற்ற ஊர்களில் எப்படி?

டோரதியா ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். ஏறத்தாழ இரண்டு வருடம், மாசசூசெட்ஸ் மாநிலம் முழுவதும் சுற்றினார். ஜெயில்களையும் ஏழை விடுதிகளையும் நேரில் பார்த்தார்.

கண்ட காட்சிகள் பயங்கரமானவை. சிலர் கூண்டில் கிடந்தார்கள். சிலர் நிலவறையில் கிடந்தார்கள். சிலர் மாட்டுக்கொட்டில் போன்ற இடத்தில், உடுக்கத் துணி இல்லாமல், சங்கிலியில் கட்டப்பட்டுக் கிடந்தார்கள். கம்பால் அடிப்பதும் உண்டு.

இதற்குக் காரணம் கொடுமை மட்டும் அல்ல, சிக்கனமும்தான்! ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் ஊர்ப் பணம் செலவாகும். அதனால் சில ஊர்களில், யார் குறைந்த தொகைக்கு வைத்துக்கொள்வதாகச் சொல்கிறார்களோ அவர்களிடம் ஏழை நோயாளியை ஏலத்தில் ஒப்படைத்தார்கள். ஏலம் எடுத்தவர் லாபம் பார்த்தார். நோயாளி பட்டினி கிடந்தார்.

1843-ம் ஆண்டு ஜனவரியில் டோரதியாவின் மனு சட்டசபைக்கு வந்தது. ஊரின் பெயர், கண்ட காட்சி எல்லாம் அதில் இருந்தன. அந்தக் காலத்தில் பெண்களுக்கு ஓட்டு இல்லை. சட்டசபையில் பேசவும் முடியாது. ஆகவே அவருக்காக ஆண் உறுப்பினர் ஒருவர் மனுவைக் கொடுத்தார்.

மாநிலம் கொதித்தது. எல்லாம் பொய் என்று ஊர் அதிகாரிகள் கூச்சல் போட்டார்கள். ஆனால் எழுதியிருந்தது கண்ணால் கண்ட சாட்சி. கடைசியில் வொர்செஸ்டர் மனநோய் ஆஸ்பத்திரியைப் பெரிதாக்கச் சட்டசபை பணம் ஒதுக்கியது.

அடுத்து ரோட் தீவு மாநிலம். அங்கே சுவரில் உறைபனி படிந்த கல்லறையில் ஒரு மனிதர் அடைபட்டுக் கிடந்ததை 1844-ல் பத்திரிகையில் எழுதினார். பிறகு சைரஸ் பட்லர் என்ற பெரும் பணக்காரரைப் பார்த்துப் பேசினார். பணத்தை எளிதில் கொடுக்காதவர் என்று பெயர் எடுத்த அவர், 40 ஆயிரம் டாலர் தருவதாகச் சொன்னார்! அவர் பெயரால் ஓர் ஆஸ்பத்திரி எழுந்தது.

1848-ல் நியூ ஜெர்சியின் டிரெண்டன் நகரில், டோரதியாவின் முயற்சியால் புத்தம் புதிய ஆஸ்பத்திரி திறந்தார்கள். அதைத் தம் தலைச்சன் பிள்ளையாக அவர் கருதினார்.

ஜனாதிபதி போட்ட தடை

1848-க்குள் அவர் நேரில் பார்த்த மனநோயாளிகள், வலிப்பு நோயாளிகள், மூளை வளர்ச்சி குன்றியவர்கள் 9 ஆயிரத்துக்கும் அதிகம். ஒவ்வொரு மாநிலமாகக் கெஞ்சினால் ஆயுள் போதாது என்று கண்டார். நாடாளுமன்றத்தையே நாடினார். அரசாங்க நிலத்தை விற்று, அந்தப் பணத்தில் ஏழை மனநோயாளிகளைக் காப்பாற்ற வேண்டும் என்பது அவர் கோரிக்கை.

ஆறு வருடப் போராட்டம். 1854-ல் மசோதா இரு சபைகளிலும் நிறைவேறியது. ஒரு கோடியே 22 லட்சத்து 25 ஆயிரம் ஏக்கர் நிலம்! கண் தெரியாதவர்களுக்கும், காது கேளாதவர்களுக்கும் அதில் பங்கு உண்டு.

ஒரு கையெழுத்துதான் பாக்கி. ஜனாதிபதி பிராங்க்ளின் பியர்ஸ் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். ஏழைகளைக் காப்பது மாநிலங்களின் வேலை, மத்திய அரசின் வேலை அல்ல என்பது அவர் வாதம்.

ஆறு வருட உழைப்பு ஒரு நாளில் மண்ணாயிற்று.

மனம் நொந்த டோரதியா கப்பல் ஏறி ஐரோப்பா போனார். அங்கேயும் ஓய்வு எடுக்கவில்லை. 1855-ல் ஸ்காட்லாந்தில் மனநோயாளிகள் படும் பாட்டைப் பார்த்தார். இரவு ரெயிலில் லண்டனுக்குப் போய் மந்திரியிடம் முறையிட்டார். விசாரணைக் கமிஷன் அமைந்தது. 1857-ல் புதிய சட்டம் வந்தது. ரோமாபுரியில் போப் ஆண்டவரிடமும் பேசினார். போப் தாமே நேரில் சென்று அங்குள்ள மனநோய் விடுதியைப் பார்வையிட்டார்.

1861-ல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. வடக்குப் படையின் நர்சுகளுக்கு டோரதியா தலைவி ஆனார். சம்பளம் வாங்கவில்லை. ஆனால் கண்டிப்பு அதிகம். டாக்டர்களோடு அடிக்கடி மோதினார்.

அவரிடம் குறை இல்லாமல் இல்லை. தெற்கு மாநிலங்களில் பல முறை சுற்றியும், அங்கே நீக்ரோ மக்களை அடிமைகளாக வைத்திருந்ததை எதிர்த்து அவர் குரல் கொடுக்கவில்லை. மனநோயாளியின் சங்கிலியைக் கண்ட கண், அடிமையின் சங்கிலியைக் கண்டும் வாய் திறக்காமல் இருந்தது. வரலாறு இதை மறக்கவில்லை.

தலைச்சன் பிள்ளையின் வீட்டில்

டோரதியா திருமணம் செய்துகொள்ளவில்லை. சொந்த வீடும் இல்லை. 1881-ல், முதுமையில், டிரெண்டன் ஆஸ்பத்திரியில் அவருக்கு இடம் கொடுத்தார்கள். பெற்ற பிள்ளை தாயைக் காப்பது போல, அந்த ஆஸ்பத்திரி அவரைக் காத்தது. 1887-ம் ஆண்டு ஜூலை 17-ந் தேதி, 85-வது வயதில் அங்கேயே காலமானார்.

அவரால் உருவானவையும் விரிவடைந்தவையும் சேர்த்து 30-க்கும் அதிகமான ஆஸ்பத்திரிகள். ஆனால் அவர் கல்லறையில் பெயரைத் தவிர வேறு எதுவும் பொறிக்கவில்லை. 1983-ல் அமெரிக்கா அவர் படம் போட்டுத் தபால் தலை வெளியிட்டது. அதன் விலை ஒரே ஒரு சென்டு!

அவர் காலத்துக்குப் பிறகு ஆஸ்பத்திரிகளில் கூட்டம் நிரம்பி வழிந்தது. சில நூறு பேருக்குக் கட்டிய இடங்களில் ஆயிரக்கணக்கானோரை அடைத்தார்கள். 1955-ல் அமெரிக்க அரசு மனநோய் ஆஸ்பத்திரிகளில் 5 லட்சத்துக்கும் அதிகமான பேர் இருந்தார்கள். புதிய மருந்துகள் வந்தன, ஆஸ்பத்திரிகள் காலியாயின. ஆனால் வெளியே வந்தவர்களைக் கவனிக்கப் போதிய ஏற்பாடு இல்லை. பலர் தெருவுக்கு வந்தார்கள். பலர் மீண்டும் ஜெயிலுக்கே போனார்கள்.

கட்டடம் எழுப்பினால் மட்டும் போதாது. உள்ளே இருப்பவர் எப்படி இருக்கிறார் என்று போய்ப் பார்க்க ஆள் வேண்டும்.

காய்ச்சல் வந்தவரை யாரும் கட்டிப்போடுவது இல்லை. மனநோயும் நோய்தான். அதற்கும் மருந்து உண்டு. நோய் வந்தவருக்கும் பசிக்கும், வலிக்கும், குளிரும். இந்தச் சிறிய உண்மையை உலகத்துக்குச் சொல்லவே ஒரு பெண்ணுக்கு ஓர் ஆயுள் தேவைப்பட்டது.