மட்டை பிடித்த கை

வெள்ளையர் ஆட்சியில், பம்பாய் கவர்னர் ஹாரிஸ் பிரபுவிடம் ஏ.டி.சி.யாக இருந்தார் ஓர் இளம் ராணுவ அதிகாரி. ஆறடி நாலங்குல உயரம். பெயர் ராபர்ட் பூர். 1866-ல் டப்ளினில் பிறந்தவர். ஏழாவது ஹுஸார் குதிரைப் படையைச் சேர்ந்தவர். இந்தியாவுக்கு வந்த பிறகே கிரிக்கெட்டில் முனைந்தார். அதுவும் புத்தகத்தைப் படித்துப் பழகினார் என்பார்கள். குருவின்றி வித்தை கைவந்த ஏகலைவன் என்று கூறலாமா? கூறலாம். ஆனால் இவரிடம் கட்டை விரலைக் கேட்க ஆளில்லை! மேட்டுக்குடிப் பிள்ளைகளுக்கு அந்த ஆபத்து ஏது?

பிறகு அவருடைய படை தென்னாப்பிரிக்கா சென்றது. 1896-ல் அந்நாட்டு அணியிலே நின்று, இங்கிலாந்தை எதிர்த்து மூன்று டெஸ்ட் ஆட்டங்கள் ஆடினார். நேற்று வந்திறங்கிய பட்டாளத்துக்காரருக்கு அந்த அணியில் இடம் உண்டு. மண்ணின் மைந்தரான கறுப்பருக்கு இல்லை. அதே ஆண்டு மாடபிலே மக்கள் கிளர்ந்தெழுந்தனர். அவர்களை ஒடுக்கப் போன படையிலும் பூர் இருந்தார்.

1899 அவருடைய பொற்காலம். ஜூனில் ஹாம்ப்ஷயர் அணிக்காக அடுத்தடுத்து மூன்று சதங்கள். ஜூலையில் டாண்டன் நகரில், சாமர்செட் அணிக்கு எதிராக 304 ரன்கள். மறுமுனையில் நின்ற வின்யார்டும் ராணுவ அதிகாரிதான். இருவரும் ஆறாவது விக்கெட்டுக்குச் சேர்த்தவை 411 ரன்கள்! அந்தப் பருவத்தில் பூர் எடுத்த மொத்த ரன்கள் 1551, சராசரி 91.23. ஒவ்வொரு ரன்னுக்கும் கணக்கு உண்டு.

அக்டோபரில் போயர் யுத்தம் மூண்டது. மட்டையை வைத்துவிட்டுப் புறப்பட்டார். பண்ணைகளைக் கொளுத்தி, பெண்களையும் பிள்ளைகளையும் முகாம்களிலே அடைத்தார் தளபதி கிச்சனர். போயர் பெண்களும் குழந்தைகளுமாக 26,000 பேருக்கு மேல் மாண்டனர். தனி முகாம்களில் மடிந்த கறுப்பர்களை ஒழுங்காக எண்ணக்கூட நாதியில்லை. அந்த ராணுவத்தில் பூர் வகித்த பதவி பிராவோ மார்ஷல். ராணுவப் போலீசின் தலைவர்.

1902 பிப்ரவரி 27 அன்று, பிரிட்டோரியாவில் மொரான்ட், ஹான்ட்காக் என்ற இரு லெப்டினென்டுகள் சுடப்பட்டனர். போயர் கைதிகளைக் கொன்றது குற்றம். கைதி பிடிக்க வேண்டாமென்று மேலிடத்து உத்தரவு இருந்தது என்றனர் அவர்கள். அப்படி எதுவும் இல்லை என்றது மேலிடம்.

பூரிடம் ஒரு நாட்குறிப்பு இருந்தது. எதிரிகள் பிரிட்டிஷ் சீருடையில் திரிவதால், அந்த உடையில் பிடிபடுவோரை அந்த இடத்திலேயே விசாரித்துத் தண்டனையைத் தீர்க்கும்படி கிச்சனர் உத்தரவிட்டதாக 1901 அக்டோபர் 7 அன்று அதில் எழுதியிருக்கிறார். மொரான்டை ஆதரிப்போர் இதைப் பெரிய சான்றாகக் காட்டுகின்றனர். நாளைக் கவனிக்க வேண்டாமா? மொரான்ட் மீதான முக்கியக் கொலைகள் நடந்தது ஆகஸ்டில். மேலும், விசாரித்துத் தண்டிப்பது வேறு. விசாரணையின்றிச் சுடுவது வேறு. ஆகவே மொரான்டை இக்குறிப்பு காப்பாற்றாது. ஆனால் கிச்சனரையும் இது காப்பாற்றவில்லை. போர்க்களத்திலேயே விசாரணை, தண்டனை, அதற்குக் கமாண்டர் ஒப்புதல்! அப்பீலுக்கு அதில் வழி எங்கே?

பூர் பிரிகேடியர் ஜெனரல் ஆனார். அவருடைய 304 ரன்களை ஹாம்ப்ஷயர் வீரர் டிக் மூர் 1937-ல்தான் தாண்டினார். மறு ஆண்டு பூர் போர்ன்மத்தில் காலமானார்.