மறையெழுத்தைத் திறந்த மாமேதை அல்-கிந்தி

மடலை மறையெழுத்தில் வரைந்துவிட்டால் அதன் பொருளைப் பிறர் அறியார் எனப் பண்டையோர் நம்பினர். ரோமானியத் தளபதி ஜூலியஸ் சீசர், ஒவ்வோர் எழுத்துக்கும் பதிலாக, அகரவரிசையில் மூன்றிடம் தள்ளி நிற்கும் எழுத்தை எழுதி வந்தார். இத்தகைய மறைவுகள் நிலையானவை அல்ல என எண்ணிக் காட்டியவர், 9ஆம் நூற்றாண்டின் பேரறிஞர் அபூ யூசுஃப் யஃகூப் இப்னு இஸ்ஹாக் அல்-கிந்தி ஆவார்.

ஏறத்தாழ 801ஆம் ஆண்டில் பிறந்த இவருடைய தந்தையார், கூஃபா நகரின் ஆளுநராக விளங்கியவர். பக்தாதில் கலீஃபாக்கள் மஃமூன், முஃதஸிம் ஆகியோரின் ஆதரவு இவருக்கு வாய்த்தது. முஃதஸிமின் மைந்தருக்கு ஆசிரியராகவும் அமர்ந்தார். கிரேக்க நூல்கள் அரபியில் பெயர்க்கப்பட்ட அந்நாளில் அப்பணிக்குத் துணைநின்றதோடு, மெய்யியல், மருத்துவம், இசை, ஒளியியல், இந்திய எண்முறை எனப் பல துறைகளிலும் நூல்கள் யாத்தார். அரபுகளின் மெய்யியலறிஞர் என்னும் சிறப்புப் பெயரும் பெற்றார்.

மறையெழுத்தை விடுவிப்பது பற்றிய இவரது நூல், இஸ்தான்புல் நகரின் சுலைமானிய்யா நூலகத்தில் சுவடியாகக் காக்கப்பட்டு, 1987இல் டமாஸ்கஸ் நகரில் அச்சேறியது. அதில் கூறப்படும் வழி எளியது. எம்மொழியிலும் எல்லா எழுத்துகளும் ஒரே அளவில் பயில்வதில்லை. அரபியில் அலிஃபும் லாமும் மிகுந்து வரும். அம்மொழியின் வெளிப்படையான உரையொன்றில் எழுத்துகளை எண்ணி, மறைமடலின் குறிகளையும் எண்ணி, மிகுந்ததை மிகுந்ததோடு பொருத்தினால் பொருள் புலப்படத் தொடங்கும். எழுத்தின் வடிவத்தை மாற்றலாம். அது பயிலும் அளவை அம்மாற்றம் மறைப்பதில்லை.

முதவக்கில் ஆட்சியில் இவரது வாழ்வு இடருற்றது. பகைவர் சூழ்ச்சியால் இவருடைய நூலகம் முழுவதும் பறிக்கப்பட்டுப் பின்னரே திரும்பக் கிடைத்தது. பிறர் மறையைத் திறக்கும் வழி கண்டவரின் சொந்த ஏடுகளே பிறர் கைப்பட்டன. ஏறத்தாழ 870ஆம் ஆண்டையொட்டி இவர் மறைந்தார்.

பூட்டு எவ்வாறு உடையும் என அறிந்தவரே நல்ல பூட்டைச் செய்ய வல்லார். 2001இல் அமெரிக்க அரசு தரமாக ஏற்ற ஏ.இ.எஸ். என்னும் மறையாக்க முறை, முறையாகக் கையாளப்படின், எண்ணிப் பார்ப்போர்க்கு எத்தடயமும் தருவதில்லை. ஆயினும் மாந்தரின் வழக்கம் மாறவில்லை. பிறந்த ஆண்டையும் பிள்ளையின் பெயரையும் கடவுச்சொல்லாக வைப்போர் பலர். பலரும் விரும்பி வைக்கும் சொற்களையே திருடர் முதலில் இட்டுப் பார்க்கின்றனர். இதுவும் அல்-கிந்தி காட்டிய கணக்கே. வங்கிக் கணக்குக்கும் மின்னஞ்சலுக்கும் கடைக் கணக்கேட்டுக்கும் வணிகர் ஒரே சொல்லை வைப்பாராயின், ஒன்று கசிந்தால் மூன்றும் திறந்துகொள்ளும். ஒவ்வொன்றுக்கும் நீண்ட, வெவ்வேறான கடவுச்சொல் வைத்தலும், இரண்டாம் உறுதிப்பாட்டைச் சேர்த்தலும் இதற்குத் தக்க காப்பாகும்.

மாணவச் செல்வங்கள் அல்-கிந்தியின் பெயரோடு அவர் கண்ட உண்மையையும் நினைவிற் கொள்வார்களாக: பிறர் கணிக்கத்தக்க பழக்கமே மறைபொருளைக் காட்டிக்கொடுக்கும்.