எட்டு மணிச் சங்கு: மக்கள் தலைவர் வ. சுப்பையா



புதுச்சேரி ரயில்வே ஸ்டேஷன் முன்னால் போகிற சாலைக்குப் பெயர் சுப்பையா சாலை. எத்தனையோ தடவை அந்த வழியா போயிருப்போம். ஆனால் யார் அந்தச் சுப்பையா என்று கேட்டால் நம்மில் பல பேர் முழிப்போம். டிப்ளமா முடித்து மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் வேலை தேடப் போகிற நாம் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய மனிதர் அவர். எட்டு மணி நேர ஷிப்ட் என்று இன்று சர்வ சாதாரணமாகச் சொல்கிறோமே, அது நம்ம ஊருக்கு வந்த கதைதான் அவருடைய வாழ்க்கைக் கதை.

1911 பிப்ரவரி 7ஆம் தேதி புதுச்சேரியில் பிறந்தார் சுப்பையா. அப்போது இது பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊர். கல்வே கல்லூரியில் படித்தார். படித்தவர்கள் சர்க்கார் உத்தியோகம் தேடிப் போன காலத்தில் இவர் பொதுவாழ்வைத் தேடிப் போனார். தீண்டாமை ஒழிப்புப் பணியில் இறங்கினார். 1934இல் காந்தியடிகள் புதுச்சேரி வந்தபோது முன்நின்று வரவேற்றவர்களில் இவரும் ஒருவர். அதே ஆண்டு ‘சுதந்திரம்’ என்ற பத்திரிகையைத் தொடங்கினார்.

அந்தக் காலப் புதுச்சேரி ஒரு நெசவாலை நகரம். இங்கே நீலச் சாயம் போட்ட துணி கப்பலேறி மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் வரைக்கும் போனது. சவானா மில், கெப்ளே மில், 1898இல் தொடங்கிய ரோடியர் மில் என்று மூன்று பெரிய ஆலைகள். கடிகாரம் இல்லாத வீடுகளுக்கு மில் சங்குதான் கடிகாரம். வெளியே இருந்து பார்த்தால் கம்பீரமான கட்டிடங்கள். உள்ளே? பொழுது விடியுமுன் போனவர்கள் இருட்டியபின்தான் வெளியே வருவார்கள். பெண்களும் சிறுவர்களும்கூட அப்படித்தான். சங்கம் வைக்கவும் உரிமை கிடையாது.

இந்தத் தொழிலாளிகளைத்தான் சுப்பையா ஒன்று திரட்டினார். 1935இல் சவானா மில்லில் வேலைநிறுத்தம் நடந்தது. மறு ஆண்டு பிரான்சில் தொழிலாளிகள் ஆலைக்குள்ளேயே உட்கார்ந்து போராடி, வாரம் 40 மணி நேர வேலை என்ற சட்டத்தைப் பெற்றார்கள். அங்கே கிடைத்த உரிமை அதே கொடியின் கீழ் இருக்கும் நமக்கு ஏன் இல்லை என்று இங்குள்ளவர்களும் ஆலைக்குள் உட்கார்ந்தார்கள். 1936 ஜூலை 30 அன்று பிரெஞ்சுப் போலீஸ் சுட்டதில் பன்னிரண்டு தொழிலாளிகள் உயிர் இழந்தார்கள். மெஷினை ஓட்டிய கைகள் மில் மண்ணிலேயே சாய்ந்தன.

சுப்பையா சோர்ந்து போகவில்லை. 1937இல் பாரிசுக்கே போய் நியாயம் கேட்டார். அந்த ஆண்டு ஏப்ரல் 6ஆம் தேதி வந்த ஆணை, எட்டு மணி நேர வேலையையும் சங்கம் வைக்கும் உரிமையையும் தந்தது. பக்கத்தில் ஆங்கிலேயர் ஆண்ட இந்தியாவில் அப்போது ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம், வாரத்துக்கு 54 மணி நேரம் வேலை வாங்கச் சட்டம் இடம் கொடுத்தது. ஒப்பிட்டுப் பாருங்கள், நம்ம ஊர்த் தொழிலாளி எவ்வளவு முந்திக்கொண்டான் என்று!

இதற்கு அவர் கொடுத்த விலை சிறையும் நாடுகடத்தலும். 1947இல் பிரெஞ்சு நாடாளுமன்ற மேல்சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டும் விடுதலைக் குரலை விடவில்லை. 1950இல் அவர் வீடு எரிக்கப்பட்டது. 1954இல் கோட்டக்குப்பத்தில் இருந்து விடுதலைப் போராட்டத்தை நடத்தினார். அந்த நவம்பர் 1ஆம் தேதி பிரெஞ்சு ஆட்சி முடிந்தது. பின்னாளில் அமைச்சராகவும் இருந்தார். 1993 அக்டோபர் 12இல் மறைந்தார்.

எங்க தாத்தா ஒரு மில்லில் நூற்புப் பிரிவில் இருந்தவர். கைநாட்டு வைத்துத்தான் சம்பளம் வாங்கினார். எங்க வீட்டில் படிப்புக்கு வந்த முதல் ஆள் நான்தான். மில்லுக்குள்ளேயே பொழுது முழுக்கக் கழித்தவர் பிள்ளையின் முகத்தை எப்போது பார்ப்பார், எப்போது படிக்க வைப்பார்? எட்டு மணி நேரம் என்பது வெறும் கணக்கு இல்லை நண்பர்களே, அது ஒரு குடும்பத்தின் சாயங்காலம்!

இன்றும் ஒப்பந்த வேலை என்ற பெயரில் பன்னிரண்டு மணி நேரம் நிற்பவர்கள் இருக்கிறார்கள். 2023இல் தமிழ்நாட்டில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்டத்திருத்தம் வந்து, எதிர்ப்புக்குப் பின் திரும்பப் பெறப்பட்டது. வாங்கிய உரிமையைக் காவல் காக்காவிட்டால் அது கைநழுவிப் போகும்.

ரோடியர் மில் ஏ.எஃப்.டி. ஆனது. சவானா சுதேசி ஆனது. கெப்ளே பாரதி ஆனது. 2020ஆம் ஆண்டோடு மூன்றின் சங்கும் ஓய்ந்துவிட்டது. வெள்ளைக்கார வீதிகளின் மஞ்சள் சுவர்களைப் போட்டோ எடுக்க எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் மில் சுவரும் வரலாறுதானே? கவர்னர் வாழ்ந்த மாளிகைக்கு உள்ள மரியாதை தொழிலாளி ரத்தம் சிந்திய இடத்துக்கு வேண்டாமா?

நம்மால் என்ன முடியும் என்று கேட்காதீர்கள். சிவில் மாணவர்களிடம் டேப்பும் டிராயிங் ஷீட்டும் இருக்கிறது. அனுமதி வாங்கி அந்தக் கட்டிடங்களை அளந்து வரைபடமாக்கலாம். மெக்கானிக்கல் மாணவர்கள் பழைய இயந்திரங்களைப் பட்டியல் போடலாம். ஓய்வுபெற்ற மில் தொழிலாளி எல்லாத் தெருவிலும் இருக்கிறார். அவர் அனுபவத்தைக் கேட்டு எழுதி வைக்கலாம். நாளைக்குச் சுவர் இடிந்தாலும் காகிதமாவது சாட்சி சொல்லும்.

சுப்பையா சாலையில் அடுத்த முறை போகும்போது அந்தப் பெயர்ப்பலகையை ஒரு தடவை நிமிர்ந்து பாருங்கள்.

வாழ்க மக்கள் தலைவர் புகழ்! ஓங்குக தொழிலாளர் ஒற்றுமை!