பேரம் பேசக் கற்பித்த ராவுல் பிரெபிஷ்

1933 ஆம் ஆண்டின் ஆரம்பத்தில் ஆர்ஜென்டீனாவிலிருந்து உயர்மட்டத் தூதுக்குழு ஒன்று லண்டன் நகருக்கு வந்து சேர்ந்தது. நாட்டின் உப ஜனாதிபதி ஹூலியோ ரோக்காவே அதற்குத் தலைமை தாங்கினார். வந்த காரியம் மாட்டிறைச்சி விற்பனை. முந்திய ஆண்டில் கனடாவின் ஒட்டாவா நகரில் கூடிய பிரித்தானியப் பேரரசு நாடுகள் தமக்குள்ளே தீர்வைச் சலுகைகளைப் பகிர்ந்துகொள்வதென முடிவு செய்திருந்தன. அவுஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் அவ்வேற்பாட்டுக்குள் இருந்தன. ஆர்ஜென்டீனாவோ வெளியே நின்றது. அந்நாட்டின் குளிரூட்டிய இறைச்சியில் மிகப் பெரும் பகுதியை வாங்கிவந்த சந்தை, கண்ணெதிரே கதவைச் சாத்திக்கொண்டிருந்தது.

அக்குழுவுக்கு ஆலோசனை கூற, 31 வயதான பொருளியல் பேராசிரியர் ஒருவர் அழைக்கப்பட்டிருந்தார். உலகப் பொருளாதார மாநாட்டுக்கான ஆயத்த வேலைகளுக்காக ஜெனீவாவில் தங்கியிருந்த அவர், அங்கிருந்து லண்டனுக்கு வந்தார். புள்ளிவிபரங்களைக் கையாள்வதில் அவருக்கு நிகரானோர் அக்காலத்தில் அவரது நாட்டில் மிகச் சிலரே. ஆனால், மேசைக்கு மறுபுறம் அமர்ந்திருந்தவர்களுக்குப் புள்ளிவிபர வாதங்கள் தேவைப்படவில்லை. விற்பவனுக்கு வேறு போக்கிடம் இல்லை என்ற ஒரே செய்தி அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

1933 மே முதலாம் திகதி ரோக்காவும் பிரித்தானிய வர்த்தக அமைச்சர் வோல்டர் ரன்சிமனும் உடன்படிக்கையில் கையெழுத்திட்டனர். ஆர்ஜென்டீனா பெற்றது என்ன? 1932 ஜூன் வரையான 12 மாதங்களில் வாங்கிய அளவுக்குக் குறையாமல் இறைச்சியை வாங்குவோம் என்ற உறுதிமொழி. அதுவும் விதிவிலக்குகளோடு கூடியது. கொடுத்ததோ நீண்ட பட்டியல். பிரித்தானியப் பொருட்கள் பலவற்றின் மீதான தீர்வை 1930 ஆம் ஆண்டு மட்டத்துக்குக் குறைக்கப்பட்டது. நிலக்கரி தீர்வையின்றி உள்ளே வர வழி விடப்பட்டது. ஏற்றுமதியால் கிடைக்கும் ஸ்ரேலிங் செலாவணி பிரித்தானியாவுக்கான கொடுப்பனவுகளுக்கே முதலில் ஒதுக்கப்பட்டது. இறைச்சி ஒதுக்கீட்டில் 85 வீதம் வெளிநாட்டுப் பதனிடும் கம்பனிகளுக்குப் போயிற்று. உள்நாட்டவர்களுக்கு எஞ்சியது 15 வீதம். போதாக்குறைக்கு, லண்டனில் நடந்த விருந்தொன்றில் ரோக்கா தமது நாட்டைப் பொருளாதார ரீதியில் பிரித்தானியப் பேரரசின் ஓர் அங்கம் போலவே வர்ணித்துப் பேச, அது ஆர்ஜென்டீனாவில் ஆறாத வடுவாகிவிட்டது.

உடன்படிக்கையின் எதிரொலி அத்துடன் ஓயவில்லை. 1935 இல் செனட்டர் லிசான்ட்ரோ டி லா ற்றோரே இறைச்சிக் கம்பனிகளின் வரி ஏய்ப்பையும் அவற்றுக்குக் காட்டப்பட்ட சலுகைகளையும் செனட் சபையில் அம்பலப்படுத்தினார். அந்த விவாதத்தின்போது, ஜூலை 23 ஆம் திகதி, சபா மண்டபத்திலேயே துப்பாக்கிச் சூடு நடந்தது. செனட்டராகத் தெரிவாகியிருந்த அவரது சகா என்சோ போர்தபெஹேரே உயிரிழந்தார்.

லண்டனுக்கு வந்த அந்த இளம் பேராசிரியரின் பெயர் ராவுல் பிரெபிஷ். வேறு வழியற்ற நிலையில் செய்யப்பட்ட உடன்படிக்கை என்று பிற்காலத்திலும் அவர் அதனை நியாயப்படுத்தினார். நாட்டுப்பற்றாளர்கள் அவரை மன்னிக்கவில்லை. நியாயம் இரு பக்கத்திலும் இருந்திருக்கலாம். ஆயினும், பிரெபிஷின் பிற்கால வாழ்வு முழுவதையும் அந்த லண்டன் மேசையிலிருந்து நோக்கும்போதுதான் அதன் திசை தெளிவாகப் புலப்படுகின்றது.

அவர் 1901 ஏப்ரல் 17 ஆம் திகதி, ஆர்ஜென்டீனாவின் வடமேற்கிலே கரும்புத் தோட்டங்களுக்குப் பேர்போன துக்குமான் பிரதேசத்தில் பிறந்தவர். தந்தையார் ஜெர்மனியிலிருந்து குடியேறியவர். சகோதரர்களில் ஒருவரான அல்பேர்த்தோ கட்டடக் கலைஞர். புவனஸ் அயர்ஸ் நகரின் அடையாளமாக இன்று நிற்கும் உயர்ந்த கற்றூணை வடிவமைத்தவர் அவரே. ராவுல் 1918 இல் புவனஸ் அயர்ஸ் பல்கலைக்கழகத்தின் பொருளியல் பீடத்தில் சேர்ந்தார். 1925 இல், இருபத்து நான்கு வயதில், அதே பீடத்தில் போதிக்கத் தொடங்கிவிட்டார். தேசிய வங்கியில் பொருளாதார ஆராய்ச்சிப் பிரிவொன்றை அமைத்தார். இராணுவப் புரட்சிக்குப் பின்னர் 1930 இல் நிதித்துறை உப செயலாளரானார். 1935 இல் ஆர்ஜென்டீனாவின் மத்திய வங்கி உருவானபோது அதன் முதலாவது பொது முகாமையாளர் பதவி அவரைத் தேடி வந்தது. அப்போது அவருக்கு 34 வயது.

அந்த வங்கியில் அவர் செய்த வேலைகளுள் ஒன்று அதிகம் பேசப்படுவதில்லை. அரசியல் சிபாரிசுகளுக்கு இடங்கொடாமல் இளம் பட்டதாரிகளைத் தெரிவு செய்து, அவர்களுள் திறமையானவர்களை மேற்படிப்புக்காக அமெரிக்காவின் ஹாவர்ட் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிவைத்தார். தமது நாட்டுக்கு வெளியே என்ன நடக்கிறது என்று தெரிந்த உத்தியோகத்தர்கள் இல்லாமல் ஒரு நாடு எந்த மேசையிலும் நிமிர்ந்து உட்கார முடியாது என்பதை அவர் விளங்கிக்கொண்டிருந்தார். அந்தக் குழுவை அவரால் நீண்ட காலம் வைத்திருக்க முடியவில்லை. 1943 இல் மீண்டும் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியபோது அவர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். மீண்டும் வகுப்பறைக்குத் திரும்பினார். கெயின்ஸின் கோட்பாட்டுக்கு ஸ்பானிய மொழியில் ஓர் அறிமுக நூலை 1947 இல் வெளியிட்டார். பெரோன் ஆட்சியில் 1948 இல் பல்கலைக்கழகத்தையும் விட்டு விலக நேர்ந்தது.

தாய்நாடு இழந்ததை ஒரு கண்டமே பெற்றுக்கொண்டது. ஐக்கிய நாடுகள் சபை 1948 இல் லத்தீன் அமெரிக்காவுக்கான பொருளாதார ஆணைக்குழுவைச் சிலி நாட்டின் தலைநகரான சான்டியாகோவில் நிறுவியிருந்தது. 1949 இல் கியூபாவின் ஹவானா நகரில் நடந்த அதன் கூட்டத்துக்குப் பிரெபிஷ் தயாரித்த ஆய்வறிக்கை, பொருளியல் கற்ற எவரும் பரீட்சைக்காகவேனும் ஒருமுறை படித்திருக்கக்கூடியதுதான். அதன் சாரம் எளிமையானது. பிரித்தானியாவின் வர்த்தக விலைகளை ஆதாரமாகக் கொண்டு பார்த்தால், 1876 முதல் 1880 வரையான காலத்தில் குறிப்பிட்டதொரு தொகை மூலப்பொருளுக்கு 100 அலகு தொழிற்சாலைப் பொருள் கிடைத்தது என்று வைத்துக்கொண்டால், 1936 முதல் 1938 வரையான காலத்தில் அதே தொகைக்குக் கிடைத்தது 64 அலகு மட்டுமே. கோதுமையும் கோப்பியும் விற்று இயந்திரம் வாங்கும் நாடு ஆண்டுக்கு ஆண்டு அதிகமாக விற்றாலும் பின்தங்கியே நிற்கும். ஐக்கிய நாடுகள் சபையில் பணியாற்றிய ஹான்ஸ் சிங்கரும் அதே காலத்தில் இதே முடிவுக்கு வந்திருந்தமையால் இக்கருத்து இருவர் பெயராலும் வழங்கலாயிற்று.

இதற்கு மறுப்புகள் எழாமலில்லை. கப்பற் கட்டணங்கள் வீழ்ச்சியடைந்ததை அவர் கணக்கிலெடுக்கவில்லை என்றனர் சிலர். 1876 ஆம் ஆண்டு இயந்திரமும் 1938 ஆம் ஆண்டு இயந்திரமும் ஒன்றல்லவே என்றனர் வேறு சிலர். இவ்வாதங்களில் வலு உண்டு. அவரது கருத்தைப் பற்றிக்கொண்டு லத்தீன் அமெரிக்க அரசுகள் எழுப்பிய இறக்குமதித் தடைச் சுவர்கள் பல, திறமையற்ற தொழிற்சாலைகளுக்கு நிழல் கொடுத்தன என்பதும் உண்மையே. அதனை 1960 களின் தொடக்கத்திலேயே சுட்டிக்காட்டியவர்களில் பிரெபிஷும் ஒருவர் என்பதை அவரது எதிரிகள் மட்டுமன்றி ஆதரவாளர்களும் வசதியாக மறந்துவிடுகின்றனர்.

1950 முதல் 1963 வரை அவர் அந்த ஆணைக்குழுவின் நிறைவேற்றுச் செயலாளராக இருந்தார். பிரேசிலின் செல்சோ ஃபுர்த்தாதோ போன்றோர் அவருடன் இணைந்து பணியாற்றினர். 1952 இல் சான்டியாகோவில் அரசாங்க உத்தியோகத்தர்களுக்கான பயிற்சி நெறி ஆரம்பிக்கப்பட்டது. ஏற்கெனவே பட்டம் பெற்று அமைச்சுகளிலும் மத்திய வங்கிகளிலும் வேலை செய்பவர்கள் அங்கே மாணவர்களாக அமர்ந்தனர். வெளிநாட்டு வர்த்தகம், வரவு செலவு, திட்டமிடல் என்பன பாடங்கள். 1962 இல் இதற்கென்றே தனி நிறுவனம் ஒன்று எழுந்தது. அதன் தலைமையையும் பிரெபிஷே ஏற்றார். ஜெனீவாவில் காட் அமைப்பும் 1955 முதல் வளர்முக நாடுகளின் உத்தியோகத்தர்களுக்கு வர்த்தகக் கொள்கைப் பயிற்சி அளித்துவந்தது என்பதை இங்கு குறிப்பிட வேண்டும். ஆனால், இரண்டுக்கும் இடையே ஒரு வேறுபாடு இருந்தது. காட் ஏற்கெனவே உள்ள விதிகளைக் கற்பித்தது. சான்டியாகோவிலோ அந்த விதிகள் யாருக்காக எழுதப்பட்டன என்ற கேள்வியும் பாடத்தில் இடம்பெற்றது.

அக்கேள்விக்குக் காரணம் இருந்தது. காட் பேச்சுவார்த்தைகளில் ஒரு பொருளின் பிரதான வழங்குநரும் பிரதான கொள்வனவாளருமே முதலில் பேரம் பேசுவர். ஒரு சலுகையைப் பெற வேண்டுமாயின் பதிலுக்கு ஒன்றைக் கொடுக்க வேண்டும். சிறிய நாட்டின் சந்தையை யார் சலுகையாக மதிப்பார்கள்? கொக்கோ விதைக்குக் குறைந்த தீர்வை, அதையே சொக்லேற்றாகச் செய்து அனுப்பினால் உயர்ந்த தீர்வை என்ற ஏற்பாட்டைக் கேள்விக்குட்படுத்த வேண்டியவர்கள் மேசைக்கே வரவில்லை.

1962 இல் கெய்ரோ நகரில் கூடிய வளர்முக நாடுகள் புதியதொரு வர்த்தக மாநாட்டைக் கோரின. அதனை நடத்தும் பொறுப்பு பிரெபிஷிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் தலைநகர் தலைநகராகப் பயணித்து ஆதரவு திரட்டினார். 1964 மார்ச் 23 ஆம் திகதி ஜெனீவாவில் ஐக்கிய நாடுகள் வர்த்தக அபிவிருத்தி மாநாடு ஆரம்பமாகியது. எகிப்தின் அப்துல் முனைம் கைசூனி தலைமை வகித்தார். 120 நாடுகளின் பிரதிநிதிகள் வந்திருந்தனர். கியூபாவின் குழுவுக்குத் தலைமை தாங்கி சே குவேரா பேசினார். இலங்கையும் அங்கிருந்தது. அந்நாட்களில் நமது ஏற்றுமதி வருமானத்தின் பெரும் பங்கு தேயிலை, இறப்பர், தெங்கு ஆகிய மூன்றிலேயே தங்கியிருந்தமையால், பிரெபிஷின் 64 அலகுக் கணக்கை எவரும் நமக்கு விளக்கிச் சொல்லத் தேவையிருக்கவில்லை.

பல புதிய நாடுகளின் குழுக்கள் ஓரிருவரைக் கொண்டிருந்தன. அவர்களால் பல குழுக்களின் கூட்டங்களுக்கு ஒரே நேரத்தில் செல்ல முடியாது; குவியும் ஆவணங்களைப் படிக்கவும் முடியாது. பிரெபிஷின் செயலகம் அந்த இடைவெளியை நிரப்பியது. ஆய்வுகளைத் தயாரித்து, வாதங்களை ஒழுங்குபடுத்திக் கொடுத்தது. நடுநிலை வகிக்க வேண்டிய செயலகம் ஒரு பக்கம் சாய்கிறது என்று மேற்குலகம் முறையிட்டது. அம்முறைப்பாட்டில் பொய்யில்லை. எனினும், ஒரு பக்கத்தில் சட்டத்தரணிகளும் நிபுணர்களும் நிறைந்து, மறுபக்கத்தில் ஒற்றை மனிதர் தடுமாறும்போது, நடுநிலை என்பதும் பலசாலியின் பக்கம் சாய்வதாகவே முடியும்.

வளர்முக நாடுகள் தனித்தனியே அல்லாமல் ஒரே குரலில் பேசக் கற்றுக்கொண்டது அந்த மாநாட்டில்தான். ஜூன் 15 ஆம் திகதி 77 நாடுகளின் கூட்டுப் பிரகடனம் வெளியானது. இலங்கையும் அவற்றுள் ஒன்று. மறுநாள் மாநாடு முடிவடைந்தது. அவ்வாண்டு டிசெம்பரில் பொதுச் சபை அங்டாட் என்று சுருக்கமாக அழைக்கப்படும் அம்மாநாட்டை நிரந்தர அமைப்பாக்கியது. பிரெபிஷ் அதன் முதலாவது பொதுச் செயலாளரானார்.

அவரது மனத்துக்கு நெருக்கமான கோரிக்கை, வளர்முக நாடுகளின் உற்பத்திப் பொருட்களுக்குப் பதிற்சலுகை கேட்காமல் தீர்வைச் சலுகை வழங்க வேண்டும் என்பதாகும். 1968 இல் புதுடில்லியில் நடந்த இரண்டாவது மாநாடு, பொதுமையானதாகவும் பதில் எதிர்பாராததாகவும் பாகுபாடற்றதாகவும் அச்சலுகை அமைய வேண்டும் என்று ஏற்றுக்கொண்டது. ஏனைய கோரிக்கைகளில் பெரிதாக எதுவும் கைகூடவில்லை. மனமுடைந்த பிரெபிஷ் 1969 இல் பதவியிலிருந்து விலகினார். 1971 இல் காட் அமைப்பு தனது விதிகளிலிருந்து இதற்கு விலக்களித்தது. அதே ஆண்டில் ஐரோப்பிய சமூகமும் 1976 இல் அமெரிக்காவும் திட்டத்தை நடைமுறைப்படுத்தின.

இதுவே நாம் ஜி.எஸ்.பி. என்று சொல்லிப் பழகிவிட்ட சலுகை. நமது ஆடைத் தொழிற்சாலைகளின் வளர்ச்சியில் இதற்கும் பங்குண்டு. ஆனால், காலப்போக்கில் அதன் உள்ளடக்கம் மாறியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜி.எஸ்.பி. பிளஸ் 27 சர்வதேச சமவாயங்களை நிபந்தனையாகக் கொண்டிருந்தது. மனித உரிமை நிபந்தனைகள் மீறப்பட்டதன் பேரில் 2010 ஓகஸ்டில் இலங்கை அதை இழந்து, 2017 மே மாதத்தில் மீண்டும் பெற்றது. பிரெபிஷ் கேட்டது நிபந்தனையற்ற சலுகை. சிறுபான்மைச் சமூகத்தவர்களாகிய நாமோ அந்த நிபந்தனைகளில் நமக்கு ஒரு பிடிமானம் இருப்பதாகக் கண்டோம். அதேவேளை, சலுகை போனதும் முதலில் வேலை போகுமோ என்று அஞ்சியவர்கள் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருந்த பெண்களே. இந்த முரண்பாட்டுக்கு அவரது எழுத்துகளில் விடை கிடையாது.

அங்டாட்டின் மூன்றாவது பொதுச் செயலாளராக 1974 முதல் 1984 வரை பணியாற்றியவர் நமது நாட்டவரான காமனி கொரியா. தேயிலை, இறப்பர், கோப்பி போன்ற பண்டங்களின் விலையை நிலைநிறுத்தும் ஒருங்கிணைந்த திட்டத்தை 1976 இல் நைரோபி மாநாட்டில் அவர் முன்னெடுத்தது பிரெபிஷின் பாதையில் வைத்த அடுத்த அடியாகும். வளர்முக நாடுகளின் உத்தியோகத்தர்களுக்குச் சர்வதேசப் பொருளாதார விவகாரங்களில் பயிற்சி அளிக்கும் கடமையை 2000 ஆம் ஆண்டு பாங்கொக் மாநாடு அங்டாட்டிடம் ஒப்படைத்தது. 2025 ஏப்ரலில் அமெரிக்கா இலங்கைப் பொருட்களுக்கு 44 வீதத் தீர்வையை அறிவித்து, பேச்சுவார்த்தைகளின் பின்னர் ஓகஸ்டில் அது 20 வீதமாகக் குறைந்தபோது, அத்தகைய பயிற்சி பெற்றவர்கள் நம்மிடம் எத்தனை பேர் என்ற கேள்வி கொழும்பில் எழுந்திருக்க வேண்டும். நாமோ வீதத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

அங்டாட்டை விட்டு விலகிய பிரெபிஷ் சான்டியாகோவில் தாம் ஆரம்பித்த பயிற்சி நிறுவனத்துக்குத் திரும்பினார். 1976 இல் ஆணைக்குழுவின் சஞ்சிகைக்கு ஆசிரியரானார். தமது பழைய கருத்துகளை மாற்றி எழுதவும் அவர் கூச்சப்படவில்லை. தம் பெயரில் ஜெனீவாவில் ஆரம்பிக்கப்பட்ட சொற்பொழிவுத் தொடரின் முதலாவது உரையை 1982 இல் அவரே ஆற்றினார். இராணுவ ஆட்சி நீங்கி அல்போன்சின் ஜனாதிபதியானதும், ஆர்ஜென்டீனா தன் மகனை ஆலோசகராக மீண்டும் அழைத்தது. 1986 ஏப்ரலில் மெக்சிக்கோ நகரில் நடந்த ஆணைக்குழுவின் கூட்டத்தில் உரையாற்றிவிட்டுச் சான்டியாகோ திரும்பிய அவர், அம்மாதம் 29 ஆம் திகதி தமது 85 ஆவது வயதில் காலமானார்.