முத்துலட்சுமி ரெட்டி: விடுதிகள் கதவடைத்த பெண்களுக்கு வீடு தந்தவர்

கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டம் தொடங்கியது 1929-ல். தானா ராத்தா பக்கம் நம்ம ஆட்கள் காட்டை வெட்டித் தேயிலை நட்டுக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், சென்னையில் ஒரு பெண் மருத்துவர் தன் வீட்டுக் கதவைத் திறந்து வைத்தார். இன்றும் இயங்கும் ஒரு குழந்தைகள் இல்லம் அப்படித்தான் உருவானது. அவர் யாருன்னு தெரியுமா?

யார் இவர்?

முத்துலட்சுமி ரெட்டி. 1886 ஜூலை 30-ஆம் தேதி புதுக்கோட்டையில் பிறந்தார். அப்பா நாராயணசாமி, கல்லூரி முதல்வர். அம்மா சந்திரம்மாள், தேவதாசி மரபில் வந்தவர். அந்தத் திருமணத்துக்காக அப்பாவை அவருடைய சொந்தக்காரர்களே ஒதுக்கி வைத்தார்கள். பிறப்பைக் காட்டி ஒருவரை ஒதுக்குவது எப்படி வலிக்கும் என்பது முத்துலட்சுமிக்குச் சின்ன வயசிலேயே தெரியும்.

ஆண்கள் மட்டுமே படித்த புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் சேர்ந்த முதல் பெண் இவர்தான். பலர் எதிர்த்தார்கள், மன்னர் அனுமதி கொடுத்தார். 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912-ல் மருத்துவரானார். 1914-ல் மருத்துவர் சுந்தர ரெட்டியை மணந்தார். தன்னைச் சமமாக நடத்த வேண்டும், தன் விருப்பங்களுக்குத் தடை போடக் கூடாது என்பது அவர் வைத்த நிபந்தனை.

சட்டசபையில் என்ன செய்தார்?

1926-ல் சென்னை மாகாணச் சட்டசபையின் முதல் பெண் உறுப்பினராக நியமிக்கப்பட்டார். அடுத்த ஆண்டே துணைத்தலைவர். சிறுமிகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்கப் போராடினார். காந்தி கைதானதைக் கண்டித்து 1930-ல் பதவி விலகினார். அந்த வழக்கத்தை முழுமையாகத் தடைசெய்யும் சட்டம் 1947-ல்தான் வந்தது.

அவ்வை இல்லம் எப்படிப் பிறந்தது?

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த வாழ்க்கை வேண்டாம் என்று வெளியே வரும் பெண் எங்கே தங்குவாள்?

அப்படி வந்த சில பெண்கள் உதவி கேட்டு முத்துலட்சுமியிடம் வந்தார்கள். சாதி பார்த்து நடந்த விடுதிகள் அவர்களைச் சேர்க்க மறுத்தன. அதனால் தன் வீட்டிலேயே தங்க வைத்தார். 1930-ல் அதுவே அவ்வை இல்லம் ஆனது. பிறகு அடையாறுக்கு மாறியது.

இங்கேதான் கவனிக்கணும். சாப்பாடும் படுக்க இடமும் போதும் என்று அவர் நினைக்கவில்லை. படிப்பு வேண்டும், சொந்தக் காலில் நிற்க ஒரு தொழில் வேண்டும். அதனால் இல்லத்தோடு பள்ளியும் ஆசிரியர் பயிற்சியும் வளர்ந்தன. யாரும் சேர்க்காத பெண், நாளைக்கு ஓர் ஆசிரியை ஆகலாம்.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரம், 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையாக மாறியது. 1956-ல் பத்ம பூஷண் விருது. 1968 ஜூலையில் காலமானார்.

சரி, நீங்க என்ன செய்யலாம்?

போருக்குப் பிறகு கோலாலம்பூரில் சுவாமி சத்யானந்தா தொடங்கிய சுத்த சமாஜமும் ஆதரவற்ற பிள்ளைகளுக்கு வீடானது. இன்றும் மலேசியாவில் பல இல்லங்கள் உதவியை எதிர்பார்க்கின்றன.

• பதிவைப் பாருங்கள். 1993-ஆம் ஆண்டின் பராமரிப்பு நிலையங்கள் சட்டப்படி இல்லங்கள் சமூகநல இலாகாவில் பதிந்திருக்க வேண்டும்.

• முதலில் கேளுங்கள். தீபாவளிக்கு எல்லாரும் பிரியாணி கொண்டு போவோம். பிப்ரவரியில் அரிசி இருக்கா, பள்ளிக் காலணி இருக்கா? போன் போட்டுக் கேட்டுவிட்டுப் போங்க.

• நேரம் கொடுங்கள். வாரம் ஒரு மணி நேரம் கணக்கோ ஆங்கிலமோ சொல்லிக் கொடுக்கலாம். தானா ராத்தாவில் இருந்தே ஆன்லைனில் முடியும். ஆனால் பாதியில் விட்டுப் போகாதீர்கள். விட்டுப் போனவர்களை அந்தப் பிள்ளைகள் ஏற்கனவே நிறைய பார்த்தவர்கள்.

• பிள்ளைகளின் முகத்தைப் படமெடுத்துப் போடாதீர்கள். உங்களுக்கு ஒரு போஸ்ட். அவர்களுக்கு வகுப்பறையில் ஒட்டிக்கொள்ளும் பெயர்.

• ஒரு குழந்தை ஆபத்தில் இருப்பதாகத் தோன்றினால் 15999, தாலியான் காசே எண்ணை அழையுங்கள். 24 மணி நேரமும் எடுப்பார்கள்.

முத்துலட்சுமி சட்டம் வரும் வரை காத்திருக்கவில்லை. கதவைத் தட்டிய பெண்களுக்கு அன்றைக்கே இடம் கொடுத்தார். சட்டம் வர இன்னும் 17 ஆண்டுகள் ஆனது.