கணித மேதை இராமானுஜன் கண்ட பேரெண்

கணித மேதை சீனிவாச இராமானுஜன் 1887ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 22ஆம் நாள் ஈரோட்டில் பிறந்தார். தந்தையார் கும்பகோணத்தில் ஒரு துணிக்கடையில் கணக்கெழுதி வந்தவர், எளிய குடும்பம். பள்ளியில் பரிசுகள் பல பெற்ற இராமானுஜன், கல்லூரியில் கணிதம் ஒன்றிலேயே மூழ்கிக் கிடந்தமையால் ஏனைய பாடங்களில் தவறி, உதவித்தொகையை இழந்தார். பட்டம் இல்லாதவருக்கு வேலை எளிதில் கிட்டுமா? பல இடங்களில் அலைந்தபின், 1912இல் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராக அமர்ந்தார். கேம்பிரிட்ஜ் அறிஞர் ஹார்டிக்கு 1913இல் கடிதம் எழுதியதும், 1914இல் கப்பலேறியதும் நம்மில் பலர் அறிந்தவையே. 1729 என்னும் எண்ணின் கதையும் அவ்வாறே. ஆதலின் நாம் இங்கு வேறோர் எண்ணைப் பற்றிக் கூற விழைகிறோம்.

12 பழங்களை மீதியின்றி 1, 2, 3, 4, 6, 12 பேருக்குப் பங்கிடலாம். ஆகவே 12க்கு வகுத்திகள் ஆறு. அதனினும் சிறிய எந்த எண்ணுக்கும் ஆறு வகுத்திகள் இல்லை. இவ்வாறு தம்மினும் சிறிய எண்கள் அனைத்தையும் வகுத்திகளின் தொகையால் விஞ்சும் எண்களை உயர் பகு எண்கள் எனலாம். 24, 36, 48, 60 ஆகியனவும் இவ்வினத்தவை.

இராமானுஜன் இவ்வெண்களை ஆராய்ந்து நூற்றுக்கு மேற்பட்டவற்றைப் பட்டியலிட்டார். அதன் இறுதியில் நிற்பது 6,746,328,388,800. இப்பேரெண் எவ்வாறு அமைந்தது? 2ஐ ஆறு முறையும், 3ஐ நான்கு முறையும், 5ஐயும் 7ஐயும் இரண்டிரண்டு முறையும், 11, 13, 17, 19, 23 ஆகியவற்றை ஒவ்வொரு முறையும் எடுத்துப் பெருக்கினால் அது கிடைக்கும். ஒரு வகுத்தியை அமைக்க, 2ஐ ஒரு முறையும் எடாமல் விடலாம். அல்லது ஆறு முறை வரை எடுக்கலாம். ஆக ஏழு வழிகள். அவ்வாறே 3க்கு ஐந்து, 5க்கும் 7க்கும் மும்மூன்று, ஏனைய ஐந்துக்கும் இவ்விரண்டு. இவற்றைப் பெருக்க, வகுத்திகள் 10,080! மாணவர்கள் தாளில் பெருக்கிச் சரி பார்த்துக் கொள்ளலாம்.

சிறிய பகா எண்ணைவிடப் பெரியது மிகுதியாக வாராது என்பதையும் அவர் நிறுவினார். கணிப்பொறி இல்லாத காலம், எல்லாம் கைக்கணக்கே. அத்துணை நீண்ட பட்டியலில் ஓர் எண் மட்டும் விடுபட்டது. அது 293,318,625,600. வியப்பு யாதெனில், விடுபட்ட அதனை 23ஆல் பெருக்கினால் பட்டியலின் இறுதி எண்ணே வரும். இது அவர் பெருமையைச் சிறிதும் குறைக்காது என்பது நம் கருத்து.

இக்கட்டுரை 1915இல் இலண்டன் கணிதச் சங்கத்தின் ஏட்டில் வெளிவந்தது. கல்லூரியில் தவறிய அவ்விளைஞருக்கு, இதன் பொருட்டே 1916இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் பட்டம் வழங்கியது. 1918இல் அரச கழகத்தின் உறுப்பினரானார். நோயுற்று 1919இல் தாயகம் திரும்பியவர், 1920 ஏப்ரல் 26இல் தம் 32ஆம் அகவையில் சென்னையில் மறைந்தார். 1915இல் அச்சேறியது அவ்வாராய்ச்சியின் ஒரு பகுதியே. எஞ்சிய பகுதி, அவர் மறைந்து 77 ஆண்டுகள் கழிந்து, 1997இல் வெளியாயிற்று.